அரசியலமைப்பின் கதை – 11: வாக்காளர் பட்டியலில் பிறந்த குடியரசு

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் ஆறாவது அட்டவணை, மாகாணச் சட்டமன்றங்களுக்கு யார் வாக்களிக்கலாம் என்று சொல்கிறது. பொறுமையைச் சோதிக்கும் அட்டவணை அது. மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறுகிறது. குறிப்பிட்ட அளவு நிலவரி கட்டியவர், வீட்டுவரி கட்டியவர், வருமானவரி கட்டியவர், படையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று தகுதிகள் நீளுகின்றன. பெண்ணாக இருந்தால் தன் பெயரில் சொத்தோ படிப்போ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரின் மனைவியாகவோ படைவீரரின் விதவையாகவோ இருக்க வேண்டும். இத்தனை சல்லடைகளிலும் சலித்த பிறகு, 1937 தேர்தலில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் வாக்குரிமை பெற்றவர்கள் சுமார் 3 கோடிப் பேர். அந்த 3 கோடிப் பேரும் ஒரே பட்டியலில் இல்லை. பொது, முஸ்லிம், சீக்கியர், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர், நிலக்கிழார், வணிகர், தொழிலாளர் என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில், இந்த அட்டவணை இருந்த இடத்தில் 325, 326 என்று இரண்டு சிறிய பிரிவுகள் நிற்கின்றன. மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணம் காட்டி யாரையும் விலக்கக் கூடாது, ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல்தான் என்கிறது முதலாவது. 21 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் அந்தப் பட்டியலில் இடம்பெறும் உரிமை உண்டு என்றது இரண்டாவது. நம் அரசியலமைப்பு பழைய ஆட்சியோடு உறவை முறித்துக்கொண்ட இடம் இதுதான் என்பதும், அந்த முறிவு தாளில் எழுதப்படுவதற்கு முன்பே ஊர்தோறும் தெருத்தெருவாக நடக்கத் தொடங்கிவிட்டது என்பதும் இந்தப் பகுதியில் நான் நிறுவ விரும்புபவை.

இதற்கு எதிராக முதலில் எழும் வாதம் பழையது, வலுவானதும்கூட. நம் அரசியலமைப்பின் பெரும்பகுதி 1935 சட்டத்திலிருந்து எடுத்தது, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று அரசியல் நிர்ணய சபைக்குள்ளேயே கேட்டார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. ஆளுநர் பதவி, மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்ற அதிகாரப் பிரிவினை, அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரம், மாநில ஆட்சியை மத்திய அரசு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகிய எல்லாவற்றுக்கும் வேர் 1935 சட்டத்தில் இருக்கிறது. பல இடங்களில் சொற்றொடர்கூட மாறவில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இதை மறுக்கவில்லை. நிர்வாக விவரங்களைக் கடன் வாங்கியதில் தமக்கு வெட்கமில்லை என்றே சொன்னார். ஆனால் வாங்கியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், வாங்க மறுத்தது கண்ணில் படாமல் போய்விடும். நிர்வாக இயந்திரத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டவர்கள், அந்த இயந்திரம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வரையறுத்த அட்டவணையை மட்டும் முழுமையாகத் தூக்கி எறிந்தார்கள். 1935 சட்டத்தில் ஆளுநர் லண்டனுக்குப் பொறுப்பு, அமைச்சர்கள் வரி கட்டிய சிலருக்குப் பொறுப்பு. பொறுப்பின் திசை மாறும்போது, அதே சொற்களால் எழுதப்பட்ட பிரிவும் வேறு சட்டமாகிவிடுகிறது. எவ்வளவு மாறியது, எங்கே மாறாமல் தங்கியது என்ற கேள்விக்குச் சென்னை மாகாணமே பின்னர் ஒரு சோதனைக் களமாக அமைந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லோருக்கும் வாக்கு என்ற கோரிக்கை 1947இல் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1928இல் மோதிலால் நேரு குழுவின் அறிக்கை அதைக் கேட்டது. அதே ஆண்டு சைமன் கமிஷன் முன்பு ஒடுக்கப்பட்ட மக்கள் சார்பில் சாட்சியம் சொன்ன அம்பேத்கரும் கேட்டார். 1931இல் காங்கிரஸின் கராச்சித் தீர்மானம் அதை அடிப்படை உரிமைகளோடு சேர்த்தது. ஆட்சியாளர்கள் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது. 1932இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த லோதியன் குழு, கொள்கையளவில் அதை எதிர்த்துப் பெரிதாக வாதாடவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில், எழுதப் படிக்கத் தெரியாத இவ்வளவு மக்களை வைத்துக்கொண்டு தேர்தல் நடத்தும் நிர்வாக வசதி கிடையாது என்றது. இந்தியர்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். செய்ய முடியாது என்ற வாதத்துக்குச் செய்து காட்டுவதைத் தவிர வேறு பதில் இல்லை. சுதந்திர இந்தியா அந்தப் பதிலைச் சொல்லத் தேர்ந்தெடுத்த காலம் இருக்கிறதே, அது வியப்பளிப்பது. 1947 நவம்பர் என்றால் பிரிவினை முடிந்து மூன்று மாதங்கள், பஞ்சாபில் அகதி முகாம்கள் நிரம்பி வழிகின்றன, காஷ்மீரில் போர், ஹைதராபாத் இன்னும் இணையவில்லை. அந்த மாதத்தில்தான் சட்ட ஆலோசகர் பி.என்.ராவ் பணியாற்றிய அரசியல் நிர்ணய சபைச் செயலகம், வயது வந்தோர் அனைவரையும் கொண்ட பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் கேட்டுக் கடிதம் எழுதியது. 1948 மார்ச்சில் செயல்முறைக் குறிப்புகள் போயின. அப்போது அரசியலமைப்பின் வரைவு வெளியாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சபையில் அதன் மீது விவாதம் தொடங்க இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.

இந்த வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய முறையில் வாக்காளரைக் கண்டுபிடிப்பது எளிது. வரிக் கணக்கை எடுத்துப் பார்த்து அதிலுள்ள பெயரை நகலெடுத்தால் போதும். எங்கும் எந்தக் கணக்கிலும் இல்லாதவரைப் பட்டியலில் ஏற்றுவது அப்படியல்ல. எண் இல்லாத வீட்டை எப்படிக் குறிப்பது? பிறந்த தேதி தெரியாதவருக்கு 21 வயது ஆகிவிட்டது என்று யார் சொல்வது? கிராம அதிகாரி ஒருவர், அதுவரை அரசாங்கம் பெயர் கேட்டே இராத குடிசைகளின் வாசலில் நின்று ஒவ்வொருவருடைய பெயரையும் தகப்பன் அல்லது கணவன் பெயரையும் வயதையும் கேட்டு எழுத வேண்டியிருந்தது. நிலம் வைத்திருந்த பண்ணையாரின் பெயரும் அவர் வயலில் கூலி வேலை செய்தவரின் பெயரும் வீட்டு வரிசைப்படி ஒரே தாளில், ஒரே அளவு எழுத்தில் வந்தன. சட்டம் படித்தவர்கள் சமத்துவம் என்பதை 14ஆவது பிரிவில் தேடுவார்கள். அது எழுதி முடிக்கப்படும் முன்பே, எழுத்தர் கையில் இருந்த அந்தத் தாளில் சமத்துவம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அகதிகள் விஷயத்தில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1948 மார்ச் 31 அன்று முடிந்த ஆண்டில் குறைந்தது 180 நாட்கள் ஓரிடத்தில் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. எல்லை தாண்டி ஓடி வந்தவர்களில் பலர் அந்த விதிக்குள் வர முடியாது. விதிப்படி நடந்தால் லட்சக்கணக்கானவர்கள் முதல் தேர்தலுக்கு வெளியே நிற்பார்கள். அகதி அமைப்புகளிடமிருந்து புகார்கள் வந்தன. செயலகம் விதியைத் தளர்த்தியது. இந்த ஊரில் நிலையாக வாழ எண்ணுகிறேன் என்று ஓர் அகதி அறிவித்தால் போதும், தற்காலிகமாகப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிவுறுத்தியது. குடியுரிமைப் பிரிவுகள் சபையில் விவாதிக்கப்பட்டது 1949 ஆகஸ்டில்தான். அதாவது, இந்தியக் குடிமகன் யார் என்று அரசியலமைப்பு தீர்மானிக்கும் முன்பே வாக்காளர் யார் என்ற பட்டியல் ஊர்களில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. முதலில் சட்டம், பிறகு நடைமுறை என்று நாம் வழக்கமாக எண்ணும் வரிசை இங்கே தலைகீழாகக் கிடக்கிறது.

நடைமுறை வெறுமனே முந்திக்கொள்ளவில்லை. சட்ட வாசகத்தையே திருத்தவும் செய்தது. 1948 வரைவின்படி மாநிலத் தேர்தல்களை அந்தந்த மாநிலத்தில் அமைக்கப்படும் தனித்தனி ஆணையங்கள் மேற்பார்வையிடும். கூட்டாட்சிக்குப் பொருத்தமான ஏற்பாடு அது. 1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் அதை மாற்றி, நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். மாநில உரிமையைப் பறிக்கிறீர்கள் என்று உடனே எதிர்ப்பு எழுந்தது. அவர் கூறிய காரணம், சில மாகாணங்களில் இனத்தாலோ பண்பாட்டாலோ மொழியாலோ வேறுபட்டவர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விலக்கும் முயற்சி நடப்பதாக வரும் தகவல்கள். பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தபோதே வந்த புகார்கள்தான் இன்றைய 324ஆவது பிரிவுக்கு உருவம் கொடுத்தன. மத்திய அரசிடம் அதிகாரம் குவிவதை எதிர்ப்பவர்கள் இந்தப் பிரிவையும் அந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. மற்ற பல பிரிவுகளைப் பற்றி அவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். இதை ஏற்க முடியவில்லை. ஒரு மாகாணத்தின் பெரும்பான்மை, தன் நடுவே வாழும் சிறுபான்மையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், அதன் பிறகு அந்தச் சிறுபான்மைக்கு எந்த மாநில உரிமையும் உதவாது. 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு ஏற்கப்பட்டபோது, இரண்டு மாதம் காத்திருக்காமல் அன்றே நடைமுறைக்கு வந்த சில பிரிவுகளில் குடியுரிமைப் பிரிவுகளோடு 324ஆவதும் ஒன்று.

அடுத்த வாதம் சபையின் தகுதியைப் பற்றியது. 1946இல் மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடியதே அந்தச் சபை. அந்தச் சட்டமன்றங்களோ பழைய ஆறாவது அட்டவணையின்படி உருவானவை. வயது வந்தோரில் நூற்றுக்கு முப்பது பேர்கூட அந்தத் தேர்தலில் வாக்களிக்க உரிமை பெற்றிருக்கவில்லை. அப்படிப்பட்ட சபை, மக்களாகிய நாம் என்று எழுத என்ன உரிமை? சோஷலிஸ்டுகள் இதைக் கேட்டார்கள்; வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துப் புதிய சபை அமைக்க வேண்டும் என்றார்கள். பிறப்புச் சான்றிதழைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரி. ஆனால் குறுகிய வாக்குரிமையில் பிறந்த ஒரு சபை தன் வாரிசாக என்ன மாதிரி சபையை விட்டுச்சென்றது என்பதும் சான்றுதான். தங்களைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்களையே நிலைநிறுத்திக்கொள்ளும் வசதி அந்த உறுப்பினர்களுக்கு இருந்தது. பிரஜேஷ்வர் பிரசாத் போன்ற உறுப்பினர்கள் வயது வந்தோர் வாக்குரிமையை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். படிப்பறிவு நூற்றுக்கு இருபதைத் தொடாத நாடு என்ற காரணமும் கையிலேயே இருந்தது. இருந்தும் சபை அந்தப் பக்கம் சாயவில்லை. சென்னையிலிருந்து சென்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எந்த விதத்திலும் புரட்சிக்காரர் அல்லர். பழுத்த வழக்கறிஞர், மாகாணத்தின் முன்னாள் அட்வகேட் ஜெனரல். இறுதி விவாதத்தில் அவரே சாதாரண மனிதன் மீதுள்ள நம்பிக்கையால்தான் சபை இந்த முடிவை எடுத்தது என்று பெருமையோடு பேசினார். தங்களை மாற்றி எழுதக்கூடிய 17 கோடிப் பேரைத் தெரிந்தே உள்ளே விட்டவர்களை, அதிகாரத்தைப் பொத்தி வைத்துக்கொண்டவர்கள் என்று சொல்வது பொருந்தாது.

சட்டத்துறையிலிருந்து ஒரு மறுப்பு வரும். வாக்குரிமை அவ்வளவு அடிப்படையானது என்றால் அடிப்படை உரிமைகள் பகுதியில் ஏன் இல்லை? உண்மையில் 1947 ஏப்ரலில் அடிப்படை உரிமைகள் துணைக்குழு அதை அந்தப் பகுதியில் சேர்க்கவே பரிந்துரைத்தது. வல்லபபாய் பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழு கொள்கையை ஏற்றுக்கொண்டு, இடத்தை மட்டும் மாற்றியது. அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடி செய்யப்பட்ட பொன்னுசாமி தொடுத்த வழக்கில், வாக்களிக்கும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் சட்டம் தந்தவை, அந்தச் சட்டத்தின் வரம்புக்கு உட்பட்டவை என்று 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. இடமாற்றம் ஒரு குறைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். அடிப்படை உரிமைகளோடு சேர்த்திருந்தால் நீதிமன்றக் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கும். ஆனாலும் 326ஆவது பிரிவு அரசியலமைப்புக்குள் இருக்கிறது. பாராளுமன்றத்தில் ஒரு நாள் கிடைக்கும் சாதாரணப் பெரும்பான்மை அதைத் தொட முடியாது. வயதை 21லிருந்து 18 ஆகக் குறைப்பதற்கே 1988இல் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது.

இந்த வேறுபாட்டின் விலை எவ்வளவு என்பதைப் பாக் நீரிணைக்கு அப்பால் பார்க்கலாம். எல்லோருக்கும் வாக்கு என்பதில் இந்தியா முன்னோடி அல்ல. டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 1931லேயே இலங்கையில் அது வந்துவிட்டது. திருவிதாங்கூரும் 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமைப்படி தேர்தல் நடத்தியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் தமிழர்கள் சென்னை மாகாணத்துத் தமிழர்களுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே அந்த முறையில் வாக்களித்தார்கள். ஆனால் இலங்கையில் வாக்குரிமையின் வரையறை சாதாரணச் சட்டத்தில் இருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமும், வாக்காளராவதற்குக் குடியுரிமையைக் கட்டாயமாக்கிய 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து, தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரைப் பட்டியலிலிருந்து வெளியேற்றின. 1947இல் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு 1952இல் அனுப்ப ஆளில்லை. சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டம் செல்லாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு சொன்னது. கோடக்கன் பிள்ளை வழக்கில் அதைக் காட்டி வாதாடியும் 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டங்களைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அஸ்ஸாமிலும் பஞ்சாபிலும் ஓடிவந்தவரின் வாய்மொழியை நம்பிப் பெயர் எழுதிக்கொண்டிருந்த அதே மாதங்களில், மலையகத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் தகப்பன் பிறப்புக்கும் பாட்டன் பிறப்புக்கும் ஆதாரம் கேட்டார்கள். நம்மிடம் அந்த ஆபத்து அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 326ஆவது பிரிவு குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது. குடிமகன் யார் என்பதைச் சட்டத்தால் வரையறுக்க 11ஆவது பிரிவு பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மதில் உயரமானது, வாசல் பாராளுமன்றத்தின் கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் எழுந்த மிகக் கடுமையான எதிர்ப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சாதியை ஒழிக்காமல், மத உரிமை என்ற பெயரில் அதற்குப் பாதுகாப்பு தருகிறது என்று சொல்லிப் பெரியார் 1957 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை எரிக்கும் போராட்டத்தை நடத்தினார்; ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். சட்டம் தீண்டாமையைத்தான் தடை செய்தது, சாதியை அல்ல என்பது அவர் வாதத்தின் மையம். வாசகத்தை வைத்துப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் ஒன்றாக நிற்கும் முரண்பாட்டுக்குள் நாடு நுழைகிறது என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கரே எச்சரித்தார். நான் சொல்வது இவ்வளவுதான்: அந்த முரண்பாட்டில் ஒரு பக்கம் சமத்துவம் என்று இருந்ததே பட்டியலால்தான். அதுவும் இல்லாதிருந்தால் முரண்பாடே இருந்திருக்காது, ஏற்றத்தாழ்வு மட்டும் நிம்மதியாக இருந்திருக்கும். பெரியாரின் கோரிக்கைகளுக்கு இந்த மாநிலத்தின் ஆட்சிகள் பின்னர் செவிசாய்த்ததற்கு, அவர் பேசிய மக்கள் கையில் வாக்கு இருந்தது பெரிய காரணம்.

1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை முதல் பொதுத்தேர்தல் நடந்தது. பட்டியலில் 17 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. படிக்கத் தெரியாதவருக்காக வேட்பாளருக்கு ஒரு சின்னம், சின்னத்துக்கு ஒரு பெட்டி. லோதியன் குழு முடியாது என்றதை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடித்துக் காட்டினார். குறை இல்லாமல் அல்ல. வட இந்தியாவில் பல லட்சம் பெண்கள் தங்கள் பெயரை அன்னியரிடம் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தார்கள். அப்படிப்பட்ட பதிவுகளை சென் ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்த இழப்பு உண்மையானது, அவர்களில் யாரும் செய்த குற்றத்துக்காக வந்ததல்ல. ஆனாலும் சென் செய்தது சரி என்றே கருதுகிறேன். கணவனை முன்னிட்டு மனைவிக்கு வாக்குத் தந்தது 1935இன் அட்டவணை. பெண்ணைப் பெயரில்லாமல் பதிந்துகொள்வது அந்த அட்டவணைக்கே திரும்பிப் போவதாக இருந்திருக்கும்.

சென்னை மாகாணத்தில் தேர்தல் முடிவு ஆட்சியைப் புரட்டிப் போட்டது. 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றது 152. முதல்வராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றார். எதிர்க்கட்சிகள் பிரகாசத்தின் தலைமையில் கூடி ஆட்சியமைக்க உரிமை கோரின. அப்போதுதான் 1935இலிருந்து வாங்கி வந்த பாகமும் 326ஆவது பிரிவும் நேருக்கு நேர் மோதின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கி ஆட்சியமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10 அன்று ராஜாஜி பதவியேற்றார். ராஜாஜியின் திறமையை யாரும் சந்தேகிக்கவில்லை. வாக்காளர்கள் ஒரு பதில் சொன்ன பிறகு ஆளுநர் வேறொரு பதில் எழுதியதுதான் பிரச்சினை. மேலவையும் நியமனமும் ஆளுநரின் விருப்புரிமையும் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்கள். அவற்றின் வழியாகப் பழைய பழக்கமும் உள்ளே வந்துவிட்டது. பட்டியல் மட்டும் போதும், மற்ற பாகங்கள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நான் வாதாடுவதாக யாரும் எண்ண வேண்டாம். 1952 ஏப்ரல் அதற்கு எதிரான சாட்சி. ஆனால் கதை அங்கேயும் நிற்கவில்லை. குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் 1954இல் ராஜாஜி விலகினார். அடுத்து முதல்வரான காமராஜர் அப்போது மக்களவை உறுப்பினர். சட்டமன்றத்தின் எந்த அவையிலும் இல்லை. மேலவை வழி திறந்தே இருந்தது. அவர் அதை நாடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, வாக்காளர்களிடம் கேட்டு வாங்கி வந்தார்.